கம்போஸ்ட் குவியலைக் கிளறுவது எப்படி: உள்ளே இருக்கும் உயிர்களையும் பார்த்துக்கொண்டு

மக்கு உரக் குவியலைப் புரட்டிப் போடுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மண்வெட்டியை எடுத்து நாலு வெட்டு வெட்டி, மேலே இருப்பதைக் கீழே தள்ளி, கீழே இருப்பதை மேலே இழுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்துவிடலாம். உரமும் எப்படியோ ஆகிவிடும். ஆனால் அந்த நாலு வெட்டில் மண்புழு துண்டாகும், தேரை நசுங்கும், நேரம் சரியில்லாவிட்டால் கால் பாம்பின் மேல் படும். எது எந்த அடுக்கில் இருக்கும் என்று தெரிந்துகொண்டு நிதானமாகச் செய்தால் கூடுதலாக அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

கொல்லையில் மண் தரைமேல், நீளம் அகலம் உயரம் எல்லாம் சுமார் ஒரு மீட்டர் வருகிற மாதிரி குவியல் போட்டிருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மாடியில் டிரம்மில் போடுகிறவர்களுக்குப் பாம்பு பற்றிய பகுதி தேவைப்படாது. புழுக்கள் பற்றியது கட்டாயம் தேவைப்படும்.

கிளறத்தான் வேண்டுமா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். 1920-களில் இந்தூரில் வேளாண் ஆய்வாளர்கள் ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் சேர்ந்து உருவாக்கிய முறையில் குவியலை மூன்று தடவை புரட்ட வேண்டும்: 15-ஆம் நாள், 30-ஆம் நாள், 60-ஆம் நாள் வாக்கில். மூன்று நான்கு மாதத்தில் உரம் தயார். 1939-இல் பெங்களூரில் சி. என். ஆச்சாரியா என்ற ஆய்வாளர் கொண்டுவந்த முறையில் குழிக்குள் அடுக்கி மேலே மண் பூசி மூடிவிட்டால் அப்புறம் புரட்டுவதே கிடையாது. ஆனால் ஆறிலிருந்து எட்டு மாதம் பொறுக்க வேண்டும். இரண்டிலும் உரம் கிடைக்கத்தான் செய்கிறது. கிளறுவது வேகத்துக்காக, கிளறாவிட்டால் எல்லாம் வீணாகிவிடும் என்பதெல்லாம் இல்லை.

இடம் இருந்தால் இரண்டு குவியல் வையுங்கள். ஒன்றைக் கிளறுங்கள். இன்னொன்றில் கிளை, காய்ந்த சருகு என்று மெதுவாக மக்குகிறவற்றைப் போட்டு, வீட்டிலிருந்து தள்ளி, வேலி ஓரமாக விட்டுவிடுங்கள். கிளறும் குவியலிலிருந்து கிளம்புகிறவை போய்ச் சேர ஓர் இடம் வேண்டும் அல்லவா?

கிளற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க ஓர் இரும்புக் கம்பி போதும். நடுவில் சொருகி ஐந்து நிமிடம் விட்டு உருவி, உள்ளே இருந்த பகுதியைப் பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியாமல் சுட்டால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் இருக்கலாம். நுண்ணுயிர்கள் முழு வேகத்தில் வேலை செய்கின்றன, தொந்தரவு செய்யாதீர்கள். வெதுவெதுப்பாக இறங்கிவிட்டால் காற்று தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதுதான் கிளற நேரம். கம்பி ஈரமே இல்லாமல் சில்லென்று வந்தால் உள்ளே காய்ந்து கிடக்கிறது. அப்படியானால் முந்தின நாளே தண்ணீர் தெளித்து வைத்துவிடுங்கள்.

காலை, கவை, கம்பு

காலை ஏழு மணிக்கு மேல், வெயில் ஏறுவதற்கு முன். இருட்டிலும் அந்திப் பொழுதிலும் வேண்டாம். கை வைக்கும் இடம் தெரியாது, கட்டுவிரியன் போன்றவை நடமாடத் தொடங்கும் நேரமும் அதுதான். உச்சி வெயிலில் கிளறினால் வெளியே வந்த மண்புழு சில நிமிடங்களில் காய்ந்துவிடும்.

மண்வெட்டி இந்த வேலைக்கு ஏற்றதல்ல. அதன் வாய் எதைத் தொட்டாலும் வெட்டும். நாலு பல் உள்ள இரும்புக் கவை வாங்குங்கள். விதைக் கடை, இரும்புக் கடைகளில் ஃபோர்க் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பல்லுக்கு இடையில் புழு தப்பித்துக்கொள்ளும், குப்பையும் உதிரியாக வரும். மேலே இருப்பதை இழுக்க ஒரு நீளக் காம்பு வாரி, அள்ளிப் போட ஒரு பாண்டு, தட்டிப் பார்க்க ஓர் ஆள் உயரக் கம்பு. காலுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கைக்குத் தடிமனான கையுறை. கையுறை தேளுக்கும் பூரானுக்கும் மட்டும் அல்ல. எலி மூத்திரம் பட்ட குப்பையை வெறுங்கையால், அதிலும் புண் இருக்கிற கையால், அள்ளினால் எலிக்காய்ச்சல் வரலாம். ஆஸ்துமா இருப்பவர்கள் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த குவியலைக் கிளறும்போது பூஞ்சை வித்துக்கள் புகையாகக் கிளம்பும்.

முந்தின நாள் ஒரு சுற்று

கிளறுவதற்கு முந்தின நாள் மாலை குவியலைச் சுற்றி ஒரு நடை போங்கள். அடியில் பெரிய வளை, வாயில் புதிதாகத் தள்ளிய மண் என்றால் பெருச்சாளி. மீன் செதில், மிச்சச் சோறு, எலும்பு எல்லாம் குவியலில் போடுவதை நிறுத்தும் வரை அது போகாது. பெருச்சாளியும் எலியும் இருக்கும் இடத்துக்குப் பின்னாலேயே பாம்பு வரும். பாம்புச் சட்டை ஏதும் கண்ணில் பட்டால் மறுநாள் இரண்டு மடங்கு நிதானம். கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு சுவர் ஓரமாக ஓடும் நீள மூக்கு மூஞ்சூறை எலிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பூச்சி தின்கிற பிராணி. பொறி வைக்க வேண்டாம்.

அன்றே புதுக் குவியலுக்கு இடம் தயார் செய்துவிடுங்கள். பழையதற்குப் பக்கத்தில், ஒரு மீட்டர் தள்ளி, சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி மேலே ஒரு சாண் சருகு. அடியில் சிமென்ட் தரை, தார்ப்பாய் எதுவும் வேண்டாம். குவியல் சூடேறும்போது மண்புழுக்கள் தரைக்குள் இறங்கிக்கொண்டு, சூடு தணிந்ததும் மேலே வரும். தரையை அடைத்துவிட்டால் உள்ளேயே வெந்துபோகும்.

மேல் அடுக்கு

காலையில் முதல் வேலை, கம்பால் குவியலையும் சுற்றியுள்ள தரையையும் தட்டிவிட்டு விலகி நிற்பது. பத்து நிமிடம். பாம்புக்கு அதிர்வு தெரியும். வழி இருந்தால் அதுவே போய்விடும். அந்த வழி முக்கியம். வீட்டுப் பக்கத்திலிருந்து கிளறத் தொடங்கி வேலிப் பக்கத்தைத் திறந்து விடுங்கள். நாலு பக்கமும் ஆள் நின்று கிளறுவது கூடவே கூடாது. குழந்தைகள் பார்க்க ஆசைப்பட்டால் மண்புழுப் பகுதி வரும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம்.

கவையை உடனே குத்தாதீர்கள். வாரியால் மேல் சருகை மட்டும், மெல்லிய அடுக்காக, உங்களை விட்டு விலகிய பக்கம் இழுத்து விடுங்கள். இந்த ஒரு சாண் உயரத்துக்குள்தான் கண்ணுக்குத் தெரிகிற கூட்டம் அதிகம்.

மரவட்டை சுருண்டுகொள்ளும். அது சருகு தின்கிற ஆள், கடிக்காது. கசியும் திரவம் தோலில் பட்டால் கறைபடும், கண்ணில் பட்டால் எரியும். பூரான் சுருளாது, ஓடும். உடம்பு தட்டை, ஒவ்வொரு வளையத்திலும் ஒரே ஜோடிக் கால். கடித்தால் நன்றாக வலிக்கும். ஆனால் கரப்பானையும் பல பூச்சிகளையும் பிடித்துத் தின்பது இதுதான், எனவே வாரியால் ஒதுக்கி விட்டால் போதும். செங்கல், ஓடு, காய்ந்த மட்டை எதையாவது புரட்டும்போது தேள் இருக்கலாம். பெரிய கருப்பு நட்டுவாக்காலி பார்க்கத்தான் பயங்கரம். சின்னச் செந்தேள்தான் ஆபத்து, அதிலும் குழந்தைகளுக்கு. செந்தேள் கொட்டினால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

வழுவழுவென்று மின்னிக்கொண்டு சருகுக்குள் நழுவும் அரணையைக் கண்டு அலற வேண்டியதில்லை. ‘அரணை கடித்தால் மரணம்’ என்பது எதுகைக்கு நன்றாக இருக்கிறதே தவிர, அரணைக்கு விஷமே கிடையாது. சொறித்தேரை பகலில் ஈரமான மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், மண் நிறத்திலேயே இருப்பதால் கவை பாயும் வரை தெரியாது. கையுறையோடு எடுத்து நிழலில் விட்டுவிட்டுக் கையுறையைக் கழுவுங்கள். அதன் தோல் சுரப்பு கண்ணில் பட்டால் எரியும்.

பெரிய ஆப்பிரிக்க நத்தை வந்துவிட்ட ஊர்களில் சருகுக்கு அடியில் மஞ்சள் கலந்த வெள்ளையில் சின்னச் சின்ன உருண்டை முட்டைகள் கொத்தாகக் கிடக்கும். அவற்றையும் நத்தையையும் மட்டும் கையுறையோடு பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். தோட்டத்துக்கும் ஆகாது, உடம்புக்கும் ஆகாது.

வெந்து கிடக்கும் நடு

மேல் அடுக்கை ஒதுக்கியதும் கவையைப் பக்கவாட்டில் சொருகி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து எடுங்கள். மேலிருந்து குத்துவதைவிடப் பக்கத்திலிருந்து பெயர்ப்பது உங்கள் முதுகுக்கும் நல்லது.

சூடு பிடித்த குவியலில் ஒரு சாண் உள்ளே சாம்பல் தூவிய மாதிரி வெள்ளையாக ஓர் அடுக்கு தெரியும். புதிதாகச் செய்கிறவர்கள் பூஞ்சை பிடித்துவிட்டது என்று பயந்து தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியா வகை. கெட்டியான நார்ப்பகுதியைச் சிதைப்பது அதுதான். மழை பெய்ததும் வருகிற மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினைச் செய்வதும் இதே கூட்டம்தான். ஒரு பிடி எடுத்து முகர்ந்தால் தெரிந்துவிடும். அந்த அடுக்கு இருந்தால் சூடு ஏறியிருக்கிறது, ஆனால் கொஞ்சம் காய்ந்திருக்கிறது. தண்ணீர் தெளித்து உள்ளே தள்ளுங்கள்.

நல்ல சூட்டில் இருந்த நடுப்பகுதியில் கண்ணுக்குத் தெரிகிற பிராணி எதுவும் இருக்காது. கொஞ்சம் வேகமாகக் கிளறக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

சமையலறைக் கழிவு விழுந்த ஈரப் பகுதியில் கதை வேறு. தட்டையாக, சாம்பல் பழுப்பு நிறத்தில், இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் நெளிகிற புழுக்கூட்டம். தோட்டக்காரர்கள் பி.எஸ்.எஃப். புழு என்பார்கள், பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழு. பார்த்தவுடன் பினாயிலையும் மண்ணெண்ணெயையும் தேடி ஓடுகிறவர்கள் நிறைய. செய்யாதீர்கள். இவை இருக்கும் இடத்தில் வீட்டு ஈ பெருகுவது குறைகிறது, கழிவும் மளமளவென்று குறைகிறது. வளர்ந்த ஈ கருப்பாகக் குளவி மாதிரி இருக்கும். கொட்டாது, உங்கள் சாப்பாட்டில் வந்து உட்காரவும் செய்யாது. டிரம்மில் இவை அளவுக்கு மீறித் தெரிந்தால் ஈரம் அதிகம், சருகு குறைவு என்று பொருள். சருகைப் போட்டுக் கலக்கினால் குறைந்துவிடும். வீட்டில் கோழி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடி: மண்புழுவும் வெள்ளைப் புழுவும்

கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு வரும்போது கவையையும் வைத்துவிட்டுக் கையால் வேலை செய்யலாம். கருப்பாக, உதிரியாக, வாடையில்லாமல் இருக்கிறதா? அது உரமாகிவிட்டது, மறுபடி புதுக் குவியலின் சூட்டுக்குள் தள்ள வேண்டாம். ஒரு கோணிமேல் கூம்பாகக் குவித்து வெளிச்சத்தில் பதினைந்து நிமிடம் விட்டால் மண்புழுக்கள் அடிக்குப் போய்விடும். மேலே இருப்பதை வழித்து எடுங்கள், மறுபடி விடுங்கள், மறுபடி வழியுங்கள். கடைசியில் புழுவும் ஒரு கைப்பிடி உரமும் மிஞ்சும். அதைப் புதுக் குவியலின் தரையோரத்தில், சூடு எட்டாத இடத்தில் போட்டு மூடுங்கள். கடையில் புழு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. சென்னையில் மண்புழு ஆய்வு செய்த சுல்தான் அகமது இஸ்மாயில் பல காலமாக வலியுறுத்தியது இதைத்தான்: நம் மண்ணின் புழுக்களே போதும், ஈரமும் சாணமும் சருகும் இருந்தால் அவை தானாக வரும்.

மண்புழு மாதிரியே கருப்பாக, மெலிதாக, ஆனால் பளபளவென்று மின்னிக்கொண்டு வளையங்களே தெரியாமல் ஒன்று வேகமாக மண்ணுக்குள் நுழையப் பார்த்தால் அது புழுப்பாம்பு. ஒரு சாணுக்கு மேல் பெரும்பாலும் வளராது. எறும்பு, கரையான் இவற்றின் முட்டையையும் புழுவையும் தின்று வாழ்கிறது. விஷம் இல்லை. இந்த இனத்தில் ஆணே கிடையாது. பெண்களே தனியாக முட்டையிட்டுப் பெருகுகின்றன. காதுக்குள் போய்விடும் என்று ஊரில் சொல்லிச் சொல்லியே இதைக் கொன்று தீர்க்கிறார்கள். மண்ணோடு அள்ளி வேலியோரம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: பளபளப்போடு நீளவாட்டில் கோடுகள், தலை மட்டும் தட்டையாக அரைவட்டமாக விரிந்திருக்கும் புழு. இது மண்புழுவைத் தின்னும் தட்டைப்புழு. இதை மட்டும் வெட்டாதீர்கள், துண்டுகள் தனித்தனிப் புழுவாக வளரும். உப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

சரி, வெள்ளைப் புழு. கட்டை விரல் தடிமனில், அரைவட்டமாக வளைந்து, பழுப்புத் தலையோடு கிடக்கும். தென்னை மரம் உள்ள வீட்டில் இதை அலட்சியம் செய்ய முடியாது. காண்டாமிருக வண்டு முட்டையிடுவது எருக்குழியிலும் மக்கிய மட்டையிலும்தான். புழு அங்கே மக்கியதைத் தின்று மாதக்கணக்கில் வளர்கிறது. வண்டாகிப் பறந்து போய்த் தென்னங்குருத்தைக் குடைகிறது. பிறகு விரியும் ஓலை முக்கோண வெட்டுகளோடு வரும். மூன்று மாதத்துக்கும் மேல் புழுப்பருவம் இருப்பதால், மாதம் ஒரு தடவையாவது குவியலைப் புரட்டிப் பொறுக்குகிறவர் வீட்டில் அது வண்டாக வழியே இல்லை. கிளறுவதற்கு என்னைப் பொறுத்தவரை காற்றோட்டத்தைவிடப் பெரிய காரணம் இதுதான்.

ஆனால் வளைந்த வெள்ளைப் புழு எல்லாமே காண்டாமிருக வண்டு அல்ல. பூ வண்டு வகைகளின் புழுவும் இதே தோற்றம். அது குப்பையைத் தின்று உருண்டை உருண்டையாக எச்சமிட்டு உரமாக்கித் தருகிற நல்ல வேலைக்காரன். வித்தியாசம் பார்க்க எளிய வழி உண்டு. சமமான தரையிலோ பலகையிலோ புழுவை விட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். பூ வண்டின் புழு மல்லாந்துகொள்ளும். கால்கள் ஆறும் ஆகாயத்தைப் பார்த்தபடி இருக்க, முதுகாலேயே நெளிந்து, பார்க்கவே வேடிக்கையான வேகத்தில் நகர்ந்து போகும். அதன் தலையும் உடம்புக்குச் சிறியது. காண்டாமிருக வண்டின் புழுவுக்குத் தலை பெரிது, அடர்ந்த நிறம். பக்கவாட்டில் சுருண்டு கிடக்கும், நகர்ந்தாலும் காலை ஊன்றியோ பக்கவாட்டிலோதான் போகும். மல்லாந்து ஓடுவதைத் திரும்பக் குவியலில் விடுங்கள். மற்றதைப் பாண்டில் சேர்த்துக் கோழிக்குப் போடுங்கள். கோழி இல்லையென்றால் திறந்த இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்தால் போதும், தவிட்டுக்குருவிக் கூட்டமோ மைனாவோ செண்பகமோ பார்த்துக்கொள்ளும்.

பாம்பைக் கண்டால்

கவையைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் வாருங்கள். எந்தப் பாம்பு என்று கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது அல்ல. குவியலில் அதிகம் அகப்படுவது எலி தேடி வந்த சாரைதான். ஆனால் சாரை என்று நினைத்து நல்ல பாம்பின் அருகில் போனவர்களும் உண்டு. சருகு நிறத்திலேயே இருக்கும் கண்ணாடி விரியன் அசையாமல் கிடந்து குக்கர் விசில் மாதிரி சீறும். எந்தப் பாம்பானாலும் வெளியேற வழிவிட்டு அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். போகாமல் குவியலிலேயே இருந்தால் தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிடுங்கள், அல்லது வனத்துறைக்குச் சொல்லுங்கள். அடிப்பது ஆபத்து, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட்டுக் கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கும். வலிக்கவில்லை என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. நம் நாட்டில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து ஒன்றே நாலு முக்கிய விஷப்பாம்புகளுக்கும் கேட்கும். அதற்கான நஞ்சை எடுத்துத் தருகிறவர்களில் முக்கியமானவர்கள் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். மருந்துக்காகப் பாம்பைப் பிடித்துச் செல்ல வேண்டாம்.

முட்டைகள் அகப்பட்டால் உருட்டாதீர்கள். தோல் மாதிரி மெத்தென்று, நீள்வட்டமாக இருந்தால் பாம்போ ஓணானோ; சின்னதாக, வெள்ளையாக, கெட்டி ஓட்டோடு இருந்தால் பல்லி. ஊர்வன முட்டைக்குள் கரு ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், புரட்டினால் செத்துவிடலாம். அந்த மூலையைத் திரும்ப மூடி, ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட்டு மற்றப் பக்கத்தை மட்டும் கிளறுங்கள். வீட்டு வாசலை ஒட்டிய குவியலில் பாம்பு முட்டை என்று சந்தேகம் வந்தால் வனத்துறையிடம் சொல்வதே சரி.

திரும்பக் குவிப்பது

வெளியே இருந்ததை நடுவுக்கும், நடுவில் வெந்ததை வெளிப்பக்கத்துக்கும் மாற்றிப் போடுவதுதான் கிளறுதலின் சாரம். புதுச் சுள்ளிப் படுக்கைமேல் உதிரியாகப் போடுங்கள், மிதித்து அழுத்த வேண்டாம். போகப்போகச் சரிபாருங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரல் இடுக்கில் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள், பிடி நிற்காமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். மூத்திர நெடி அடித்தால் பச்சையும் சாணமும் கூடிவிட்டது, அதற்கும் சருகே மருந்து. அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்றில்லாமல் ஊறிக் கிடந்திருக்கிறது. நன்றாக உதறிப் போட்டால் இரண்டு நாளில் போய்விடும். புதிதாகச் சேர்க்கும்போது பச்சைக் கழிவு ஒரு பங்குக்குச் சருகு இரண்டு மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் நாற்றமே வராது.

மேலே தென்னங்கீற்றோ ஈரக் கோணியோ போட்டு மூடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் கீற்றைச் சரிவாக வைத்துத் தண்ணீர் வடிய விடுங்கள். அந்த மாதங்களில் நனையாத மேட்டைத் தேடி எல்லாமே குவியலுக்கு வரும் என்பதால், மழை ஓயும் வரை கிளறுவதையும் தள்ளிப்போடலாம். இரண்டு மூன்று நாளில் மறுபடி கம்பியைச் சொருகிப் பாருங்கள். சூடு ஏறியிருந்தால் சரியாகக் கிளறியிருக்கிறீர்கள். ஏறாவிட்டால் ஒரு பாண்டு பச்சைச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து நடுவில் ஊற்றுங்கள்.

ஒதுக்கி வைத்த உரத்தை நிழலில் இரண்டு வாரம் ஆறவிட்டுச் சலியுங்கள். சல்லடையில் நிற்கும் கட்டியும் குச்சியும் புதுக் குவியலுக்குப் போகட்டும்.